சர் ஏ.டி.பன்னீர்செல்வம்: விமானத்தோடு மாயமான தஞ்சை பாரிஸ்டர்... யார் இவர்?

ஈரோட்டில் 'பன்னீர்செல்வம் பார்க்' என்றால் எல்லோருக்கும் வழி தெரியும். ஆனா அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் யாருன்னு கேட்டா பலருக்கும் தெரியாது. அவர்தான் சர் ஏ.டி.பன்னீர்செல்வம். காவிரி டெல்டாவில் இருந்து கிளம்பி, லண்டன் வரை பேசப்பட்டவர்.

பண்ணை வீட்டுப் பிள்ளை

1888-ல் அன்றைய தஞ்சை மாவட்டத்தில், நிலபுலன் உள்ள கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். இங்கிலாந்து போய் சட்டம் படித்து, பாரிஸ்டராகத் திரும்பி தஞ்சாவூரில் வழக்காடினார். பிறகு நீதிக்கட்சியில் சேர்ந்தார்.

சத்திரச் சோறு யாருக்கு?

1920-களில் தஞ்சை மாவட்ட போர்டு தலைவர் ஆனார். மராட்டிய மன்னர்கள் சத்திரங்களுக்கு எழுதி வைத்த நிலங்களின் வருமானம் அப்போது போர்டின் கையில் இருந்தது. ஒரத்தநாடு, ராஜாமடம் விடுதிகளில் தங்கிப் படிக்க பிராமண மாணவர்களுக்கு மட்டும்தான் இடம். நெல் விளைவித்தவர்களின் பிள்ளைகளுக்கு உள்ளே இடமில்லை. அந்தக் கதவை மற்ற சமூக மாணவர்களுக்கும் திறந்துவிட்டவர் பன்னீர்செல்வம்.

திருவையாறு கல்லூரியிலும் இதே கதைதான். சமஸ்கிருதம் மட்டும் சொல்லிக்கொடுத்த அங்கே, தமிழும் படிக்க வழி செய்தார். இதில் அவருக்குத் துணை நின்றவர் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் உமாமகேசுவரனார்.

தோற்ற கட்சியில் ஜெயித்தவர்

லண்டன் வட்டமேசை மாநாட்டில் இந்தியக் கிறிஸ்தவர்களின் பிரதிநிதியாகக் கலந்துகொண்டார். 1937 தேர்தலில் நீதிக்கட்சியின் பெரிய தலைகள் எல்லாம் தோற்றபோது, இவர் ஜெயித்தார். அந்த ஆண்டு சில மாதங்களே நீடித்த இடைக்கால அமைச்சரவையில் உள்துறையையும் நிதியையும் கவனித்தார்.

அடுத்து வந்த ராஜாஜி அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. அதை எதிர்த்த முன்னணித் தலைவர்களில் இவரும் ஒருவர். 1938 டிசம்பரில் நீதிக்கட்சி பெரியாரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தபோது பெரியார் சிறையில் இருந்தார். அவரது தலைமை உரையை மாநாட்டு மேடையில் வாசித்தவர் பன்னீர்செல்வம்தான்.

அந்தக் கடைசிப் பயணம்

1940-ல் லண்டனில் இந்திய அமைச்சரின் ஆலோசகராக நியமிக்கப்பட்டார். பதவியேற்கப் புறப்பட்டு, இம்பீரியல் ஏர்வேஸின் 'ஹன்னிபால்' விமானத்தில் ஏறினார். மார்ச் 1-ம் தேதி ஓமன் வளைகுடா மேலே பறந்தபோது விமானம் மாயமானது. உள்ளே இருந்தது 8 பேர். ஒருவர்கூட கிடைக்கவில்லை. என்ன நடந்தது என்பது இன்றுவரை புதிர். அவருக்கு வயது 51.

கட்டாய இந்தி ஆணை ரத்தானது அதே ஆண்டு பிப்ரவரி 21-ல். அதைப் பார்த்து 9 நாளில் அவர் போய்விட்டார். பெரியாருக்கும் நீதிக்கட்சிக்கும் அது பேரிடி.

பதவியேற்கப் போன ஊருக்கு அவர் போய்ச் சேரவே இல்லை. ஆனா டெல்டாவில் அவர் திறந்துவிட்ட விடுதிகளில் ஏழைப் பிள்ளைகள் தங்கிப் படித்தார்கள்.