தந்தி அமைத்த வைத்தியர்

விழுப்புரத்தை அடுத்த மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் ஏழாம் நூற்றாண்டிற் குடைவித்த குகைக்கோயிலை அன்பர் பலர் கண்டிருப்பர். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு என்னும் நான்கும் இன்றி அதனைச் சமைத்ததாக அவ்வரசன் கல்லிற் பொறித்து வைத்தான். பன்னிரண்டு நூற்றாண்டு கழித்து, இரும்பும் துணியும் தாரும் ஓடும் கொண்டு இந்நாட்டிற் பிறிதொரு புதுமை செய்தார் ஒருவர். அவரே வில்லியம் புரூக் ஓஷானஸி. அவர் வரலாற்றை யாம் ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

அயர்லாந்தில் லிமெரிக் நகரிற் பிறந்த இவர், 1829-இல் எடின்பரோவில் மருத்துவப் பட்டம் பெற்றார். ஈராண்டு சென்றபின் பிரிட்டனில் வாந்திபேதி பரவிற்று. நோயாளரின் குருதியை ஆராய்ந்து, அதில் நீரும் உப்பும் குறைந்திருத்தலைக் கண்டார். 1832-இல் தாமஸ் லாட்டா என்பார் நோயாளரின் நாளத்தில் உப்புநீர் செலுத்தியதற்கு இவ்வாராய்ச்சியே வழிகாட்டிற்று. 1833-இல் ஓஷானஸி கம்பெனியின் உதவி வைத்தியராய்க் கல்கத்தா போந்தார். பின்னர் அங்குள்ள மருத்துவக் கல்லூரியில் இரசாயன ஆசிரியரானார்.

1839-இல், அந்நகரின் அருகே இருபது மைலுக்கு மேற்பட்ட கம்பியைக் கட்டித் தந்தி விடுத்துப் பார்த்தார். செய்தியை உணர்த்தியது மணியன்று. விரலில் உறைத்த மின்னதிர்ச்சியே. ஹூக்ளி ஆற்றினுள்ளும் ஒரு கம்பியை இட்டார். மின்சாரம் நீரிற் கசிந்து ஒழியாதவாறு அதற்குக் கீல் பூசி, பிளந்த பிரம்பினுள் வைத்து, தார்நூல் சுற்றினார். ஆயினும் அரசினர் அதனைப் பொருட்படுத்தாமையின், பன்னிரண்டு ஆண்டு வாளா கழிந்தன.

டல்ஹௌஸி பிரபுவின் காலத்தில், 1851-இல், கல்கத்தாவிலிருந்து டயமண்டு ஹார்பர் வரை தந்தி ஓடிற்று. நிலத்தடியிற் சென்ற இரும்புக் கோலுக்குக் கீலில் தோய்த்த சென்னைத் துணியை இரு மடியாகச் சுற்றி, மணலும் குங்கிலியமும் உருக்கி வார்த்த கூரையோடுகளிற் பதித்தார். ஆறுகளைக் கடக்கக் கட்டாபர்ச்சா என்னும் மலாய் நாட்டு மரப்பிசினை உறையாகக் கொண்டார். 1855-இல் தந்தி சென்னையையும் எட்டியது. மறு ஆண்டு அவர் சர் பட்டம் பெற்றார். 1857-இல் அக்கம்பிகளே கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேயருக்குப் பெருந்துணையாயின. இதனை மறைத்து அவரைப் புகழ்தல் நேர்மையன்று. இதன்பொருட்டு அவர் உழைப்பை இகழ்தலும் முறையன்று.

உறையின் அருமையை 1858-ஆம் ஆண்டு உலகிற்கு உணர்த்திற்று. அட்லாண்டிக் கடலடியில் இட்ட கம்பியின் உறை முன்னரே பழுதுற்றிருந்தது. அதனுள் ஏறத்தாழ 2000 வோல்ட்டு அழுத்தம் ஏற்றினர். மூன்று வாரத்திற்குள் அக்கம்பி ஊமையாயிற்று.

1933-இல் இங்கிலாந்திற் பாலித்தீன் கண்டறியப்பட்டது. இன்று உயர் அழுத்த மின்விசை செல்லும் நிலத்தடிக் கேபிள்கள் பலவும் அவ்வகைப் பிளாஸ்டிக் உறையே பூண்டவை. ஆயினும் பழைய பகை ஒழிந்திலது. உறையினுள் ஊசிமுனை அளவு வெற்றிடம் இருப்பினும், அதனுள் உள்ள காற்று உறையினும் முந்தித் தோற்றுப் பொறிவிடும். அப்பொறி உறையைச் சிறிது சிறிதாக அரித்து, கிளைவிட்ட மரம்போற் படர்ந்து, ஒருநாள் அதனை ஊடறுத்துவிடும். ஈரம் புகினும் இத்தகைய கிளைகள் தோன்றும். புறத்தே பார்ப்பார்க்கு இஃதொன்றும் புலனாகாது.

ஓஷானஸி 1889-இல் மறைந்தார். பிரம்பும் துணியும் கொண்டு அவர் காத்ததனை, நம் காலத்தார் பிளாஸ்டிக் கொண்டு காக்கின்றனர். பொருள் மாறிற்றே யன்றி விழிப்பு மாறவில்லை. சிறு குறையென்று நாம் புறக்கணிப்பதே பெருங்கேட்டின் வித்து என்பதை, கல்லூரியிற் பயிலும் நாம் அவர் வாழ்விலிருந்து கற்றுக்கொள்வோமாக.