எண் வழங்கிய ஜான் போஸ்டல்

சென்ற பருவத்தில் நரிக்குடியிலுள்ள எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, கண்மாய்ப் படங்கள் சிலவற்றைப் பைதான் நிரல் ஒன்றின் மூலம் பயிற்சிக்கான தொலைதூரச் சர்வருக்கு அனுப்பினேன். 226 என்று பதில் வந்தது. வேலை முடிந்ததென மகிழ்ந்தேன். மறுநாள் கல்லூரி ஆய்வகத்தில் பேராசிரியர் முன்னிலையில் திறந்தால், ஒரு படமாவது தெரிய வேண்டுமே! படங்களை எழுத்துக் கோப்புகளைப்போல அனுப்பியது என் பிழை. எழுத்து முறையில் வரிமுடிவுக் குறிகள் மாற்றப்படும், படத்திற்கு வரியேது? கோப்பு வந்து சேர்ந்தது என்றுதான் 226 சொல்லும். உருப்படியாகச் சேர்ந்ததா என்று சொல்லாது.

காரணம் தேடியபோது கிட்டியது, 1985 அக்டோபரில் வெளியான ஆர்.எப்.சி. 959 என்னும் ஆவணம். கோப்பு அனுப்பும் நெறியாகிய எப்.டி.பி.யை வகுப்பது அது. எழுதியோர் ஜான் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்சும். இந்நெறிக்கு 1971 ஏப்ரலில் முதல் வடிவம் தந்தவர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற அபய் பூஷண் என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி.

போஸ்டல் 1943 ஆகஸ்ட் 6-இல் கலிபோர்னியாவில் பிறந்தவர். லாஸ் ஏஞ்சலிசிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்று, 1974-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1969-இல் இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் அங்கே உயிர்பெற்றபோது அவர் ஆராய்ச்சி மாணவர். நீண்ட தாடியும் காலில் செருப்புமாகத் திரிந்த அம்மனிதரைக் கண்டவர், உலகக் கணிப்பொறிகளின் கணக்கு இவரிடம் இருக்கிறது என்று நம்பியிருக்க மாட்டார்.

ஆம், கணக்குத்தான். நம் பக்கத்தில் முன்பு கணக்குப்பிள்ளை சர்வே எண்களைக் காத்ததுபோல், எந்தச் சேவைக்கு எந்த எண் என்று பதிந்து காத்தவர் அவர். 1972 மே மாதத்து ஆவணம் ஒன்றில், இதற்கென ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்று முன்மொழிந்து, அது தாமாகவே இருக்கலாமோ என்றும் கேட்டிருந்தார். வேறெவரும் அதற்குப் போட்டியிட்டதாகத் தெரியவில்லை! எப்.டி.பி.யின் கட்டளைக்கு 21, கோப்பு செல்லும் வழிக்கு 20 என இன்றும் அந்தப் பதிவேட்டில் காணலாம். இரண்டு கணிப்பொறிகள் எங்கிருந்தாலும் ஒன்றையொன்று புரிந்துகொள்வதற்கு இந்த உடன்பாடே அடிப்படை. ஆர்.எப்.சி. ஆவணங்களை நெடுங்காலம் பதிப்பித்தவரும் அவரே. காசின்றி எவரும் படிக்கலாம் என்பதால்தான் நரிக்குடித் திண்ணைக்கும் அவை வந்தன.

எப்.டி.பி.யில் கடவுச்சொல் மறைப்பின்றிச் செல்வது பெருங்குறை. ஆகவே இன்று பெரும்பாலோர் பாதுகாப்பான வேறு நெறிகளுக்கு மாறிவிட்டனர். ஆயினும் அனுப்புபவர் கண்டிப்பாகவும் பெறுபவர் தாராளமாகவும் இருக்கவேண்டும் என அவர் வகுத்த விதியைப் பற்றிப் பொறியாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். என் நிரல் அதன் முதற்பாதியில் தோற்றது. ஒரே ஒரு வரியை மாற்றி மீண்டும் அனுப்பினேன். கண்மாய் முழுதாகத் தெரிந்தது.

போஸ்டல் 1998 அக்டோபர் 16-இல், இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின், 55-ஆம் வயதில் மறைந்தார். அவருக்காக விண்ட் செர்ஃப் எழுதிய இரங்கலும் ஆர்.எப்.சி. வரிசையிலேயே வெளியாயிற்று. அதன் எண் 2468.