சமாதானம் தேடிய இரும்புத் தொழிலாளி

இரும்பை உருக்கி வார்க்கும் தொழிலாளி ஒருவர், இங்கிலாந்தின் வெளிநாட்டு மந்திரி ஆனார். உலக நாடுகளின் ஆயுதக் குறைப்பு மாநாட்டுக்கும் தலைமை வகித்தார். அவர்தான் ஆர்தர் ஹெண்டர்சன்.

1863-ம் ஆண்டு ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். ஏழைக் குடும்பம். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். 12-வது வயதில் நியூகாசில் நகரில், வார்ப்படத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார்.

தொழிற்சங்கத்தில் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தார். 1903-ல் பார்லிமெண்டு உறுப்பினர் ஆனார். 1915-ல் மந்திரி பதவி கிடைத்தது. தொழிற்கட்சியைச் சேர்ந்த ஒருவர் பிரிட்டிஷ் மந்திரிசபையில் இடம் பெற்றது அதுவே முதல் தடவை.

மகன் பலி

அப்போது முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. ஹெண்டர்சனின் மூத்த மகன் டேவிட், 1916-ல் போர்முனையில் மாண்டார்.

மறு ஆண்டு ஸ்டாக்ஹோம் நகரில், பல நாட்டு சோஷலிஸ்டுகள் கூடிப் பேச ஏற்பாடு நடந்தது. எதிரி நாடான ஜெர்மனியின் பிரதிநிதிகளும் அதற்கு வரலாம். மகனைப் பறிகொடுத்த ஹெண்டர்சன், பிரிட்டிஷ் தொழிற்கட்சியும் அங்கே போகவேண்டும் என்றார். மற்ற மந்திரிகளுக்குக் கோபம் வந்தது. அவரை வெளியே காக்க வைத்துவிட்டு, உள்ளே அவரைப் பற்றியே விவாதித்தார்கள்.

ஹெண்டர்சன் ராஜினாமா செய்தார்.

தேர்தலில் தோல்வி

1929-ல் அவர் வெளிநாட்டு மந்திரி ஆனார். ரஷியாவுடன் அறுந்து போயிருந்த உறவை மீண்டும் ஏற்படுத்தினார். ஜெர்மனியின் ரைன் பகுதியில் இருந்த அன்னியப் படைகள் 1930-ல் வெளியேறுவதற்குப் பாடுபட்டார்.

ஐ.நா. சபைக்கு முன்பு இருந்தது சர்வதேச சங்கம். அது 1931-ல் அவரை ஆயுதக் குறைப்பு மாநாட்டின் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. மாநாடு கூடுவதற்குள் அவருடைய கட்சியின் ஆட்சி போய்விட்டது. தேர்தலிலும் அவர் தோற்றார். உடல்நலமும் கெட்டது. ஆனாலும் பொறுப்பைக் கைவிடவில்லை.

ஜினீவா மாநாடு

1932-ம் ஆண்டு பிப்ரவரி 2-ந்தேதி ஜினீவா நகரில் மாநாடு தொடங்கியது. சுமார் 60 நாடுகளின் பிரதிநிதிகள் வந்தார்கள். அதே நேரத்தில் ஷாங்காய் நகரை ஜப்பான் படை தாக்கிக்கொண்டிருந்தது!

நாடுகள் ஒன்றையொன்று நம்பவில்லை. 1933-ல் ஹெண்டர்சன் ஊர் ஊராகப் போய் ஐரோப்பியத் தலைவர்களைச் சந்தித்தார். பலன் இல்லை. அந்த ஆண்டு அக்டோபரில், ஹிட்லரின் ஜெர்மனி மாநாட்டை விட்டு வெளியேறியது.

1934-ல் ஹெண்டர்சனுக்கு சமாதானத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1935 அக்டோபர் 20-ந்தேதி, 72-வது வயதில் காலமானார்.

நான்கு ஆண்டுகளுக்குள் இரண்டாம் உலகப்போர் மூண்டது. அப்படி ஒரு போர் மறுபடியும் வரக்கூடாது என்றுதான், மகனை இழந்த அந்தத் தந்தை கடைசி வரை பாடுபட்டார்.