பள்ளியைக் காப்பாற்றிய பாட்டு

குழந்தைகளே, உங்கள் பள்ளிக்கூடத்தை நாளையோடு மூடப் போகிறார்கள் என்றால் என்ன செய்வீர்கள்? சிலர் துள்ளிக் குதிப்பீர்கள். வகுப்பறையில் பல ஆண்டுகள் நின்றவன் நான், எனக்குத் தெரியாதா! ஆனால், உங்கள் வம்சத்திலேயே முதன்முதலாகப் படிக்க வந்தவர் நீங்கள்தான், வேறு பள்ளியும் இல்லை என்றால்? அப்படிப்பட்ட ஒரு பள்ளியைப் பாட்டுப் பாடியே காப்பாற்றிய பெண்ணின் கதை இது.

அவர் பெயர் எல்லா ஷெப்பர்ட். (நம்முடைய 'எல்லாம்' அல்ல, அவர் பெயரே எல்லாதான்!) அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகருக்கு அருகே 1851-இல் பிறந்தார். பிறக்கும்போதே அடிமை. அப்போதைய சட்டப்படி தாய் அடிமையாக இருந்தால் குழந்தையும் அடிமைதான். எல்லாவின் அப்பா சைமன் கூடுதலாக உழைத்து, 1,800 டாலர் கொடுத்துத் தன்னை மீட்டுக் கொண்டவர். பிறகு 350 டாலர் கொடுத்துக் குட்டி மகளையும் வாங்கினார். ஆமாம், பெற்ற மகளையே விலை கொடுத்து வாங்கினார்! அம்மாவையும் விற்பதாக வாக்குக் கொடுத்திருந்த எஜமானி, பேச்சு மாறிவிட்டாள். அம்மா தொலைதூரத்து மிசிசிப்பிக்குப் போக வேண்டியதாயிற்று. மகள் ஒரு பக்கம், தாய் ஒரு பக்கம்.

சில ஆண்டுகளில் அப்பாவின் தொழில் நொடித்தது. கடன்காரர்கள் வந்தால் மாடு, வண்டியைப் போல மகளையும் சொத்தாகப் பிடித்துக் கொண்டு போகலாம்! அவர் இரவோடு இரவாகக் குடும்பத்துடன் அடிமை முறை இல்லாத ஒஹையோ மாநிலத்துக்கு ஓடினார். அங்கே சின்சினாட்டி நகரில் எல்லாவுக்குப் பியானோ கற்க ஆசை வந்தது. ஓர் ஆசிரியை ஒப்புக்கொண்டார். ஆனால் கறுப்பினப் பெண்ணுக்குக் கற்றுத் தருவது வெளியே தெரியக் கூடாது. இரவு 9 மணிக்குப் பின்வாசல் வழியாக வந்து, முக்கால் மணி நேரத்தில் போய்விட வேண்டும். அப்படிக் கிடைத்தவை மொத்தம் 12 பாடங்கள்தாம்.

1865-இல் உள்நாட்டுப் போர் முடிந்தது. அடிமை முறை ஒழிந்தது. அடுத்த ஜனவரியில், நாஷ்வில்லில் போர் வீரர்களுக்கு மருத்துவமனையாக இருந்த மரக் கொட்டகைகளில் ஃபிஸ்க் பள்ளி தொடங்கியது. நேற்று வரை அடிமைகளாக இருந்தவர்கள், சிறுவர் முதல் முதியவர் வரை, எழுத்துக் கற்க வந்து குவிந்தார்கள். புத்தகம் வாங்கப் பணம்? அடிமைகளை அடைத்து வைத்திருந்த இடத்தில் துருப்பிடித்துக் கிடந்த கைவிலங்குகளையும் சங்கிலிகளையும் பழைய இரும்பு விலைக்கு விற்று வாங்கினார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

1868-இல் எல்லா இங்கே வந்து சேர்ந்தார். ஐந்து மாதம் ஆசிரியையாக இருந்து மிச்சம் பிடித்த 6 டாலர்தான் கையில். மூன்று வாரச் செலவுக்குச் சற்றுக் கூடுதலாக வரும், அவ்வளவுதான். வேலை செய்துகொண்டே படித்தார். இசையும் கற்றுக் கொடுத்தார்.

ஆனால் பள்ளியே கடனில் தத்தளித்தது. கொட்டகைகள் இற்றுப் போயின. பள்ளியின் கணக்கைப் பார்த்துக்கொண்டு இசையும் சொல்லித் தந்த ஜார்ஜ் ஒயிட் ஒரு யோசனை சொன்னார். மாணவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பாடி நிதி திரட்டுவது! 1871 அக்டோபர் 6 அன்று 9 பேர் புறப்பட்டார்கள். எல்லாவுக்கு வயது 20. பியானோ வாசிப்பதும் மற்றவர்களைப் பழக்குவதும் அவர் பொறுப்பு.

தொடக்கம் சரியாக இல்லை. பல விடுதிகளில் இடம் தர மறுத்தார்கள். குளிருக்கு ஏற்ற உடை இல்லை. வசூலும் குறைவு. அந்த நிலையிலும் ஒரு கச்சேரியில் கிடைத்த சுமார் 50 டாலரை, சிகாகோ நகரில் அப்போது நடந்த பெருந்தீயில் வீடிழந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள்!

முதலில் அவர்கள் பாடியவை வெள்ளையர் விரும்பும் பாடல்கள். பெற்றோர் வயலில் பாடிய அடிமைப் பாட்டுகளை மேடையில் பாட அவர்களுக்கு மனம் வரவில்லை. அவை துன்ப நாட்களின் நினைவு. பெற்றோருக்கோ அவை கும்பிடும் பொருள். ஊரார் கேட்டுச் சிரித்துவிட்டால்? ஒயிட் ஐயா வீட்டில், தங்களுக்குள் மட்டும் மெல்லப் பாடிக் கொள்வார்கள். அந்த ஆண்டு நவம்பரில் ஓபர்லின் என்ற ஊரில், பாதிரிமார் கூடிய மாநாட்டில் அந்தப் பாட்டுகளைத் துணிந்து பாடினார்கள். சளசளவென்று பேசிக் கொண்டிருந்த கூட்டம் அப்படியே அடங்கியது. அதன் பிறகு எங்கு போனாலும் மக்கள் கேட்டது அந்தப் பாட்டுகளைத்தான். குழுவுக்கு 'ஜூபிலி பாடகர்கள்' என்ற பெயரும் வந்தது. ஜூபிலி என்பது, அடிமைகளை விடுவிக்கும் ஆண்டு என்று பைபிளில் வரும் சொல்.

1873-இல் கப்பலேறி இங்கிலாந்து போனார்கள். விக்டோரியா மகாராணி முன் பாடினார்கள். தேவாலயங்களிலும் ஞாயிறு பள்ளிகளிலும் பாடினார்கள். பிரதமர் கிளாட்ஸ்டன் தம் வீட்டுக்கு அழைத்து விருந்தளித்தார். சொந்த நாட்டில் விடுதிக் கதவு திறக்காதவர்களுக்கு, இங்கே பிரதமர் வீட்டில் விருந்து! அந்தப் பயணத்தில் மட்டும் சுமார் 50,000 டாலர் சேர்ந்தது.

அந்தப் பணத்தில் எழுந்த செங்கல் கட்டடம்தான் ஜூபிலி ஹால். 1876 ஜனவரி 1 அன்று திறப்பு விழா. பாடிச் சம்பாதித்தவர்களோ விழாவில் இல்லை. மீண்டும் கடல் கடந்து போய்ப் பாடிக் கொண்டிருந்தார்கள். ஹாலந்து, ஜெர்மனி என்று அந்தப் பயணம் 1878 வரை நீண்டது.

எல்லா, சிறுவயதில் பிரிந்த அம்மாவைக் கண்டுபிடித்தார். நாஷ்வில்லுக்கு அழைத்து வந்து, தங்கை ரோசாவையும் சேர்த்து வைத்துக் கொண்டார். அந்த அம்மாவை இனி யாரும் விற்க முடியாது. பழைய பாட்டுகள் மறந்து போகாமல் இருக்க அவற்றைச் சேகரித்து எழுதி வைத்தார். இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். 1914-இல் மறைந்தார்.

ஃபிஸ்க் இன்று ஒரு பல்கலைக்கழகம். ஜூபிலி ஹாலில் அந்தப் பாடகர்களின் பெரிய ஓவியம் ஒன்று இருக்கிறது, லண்டனில் வரையப்பட்டது. பியானோ அருகே அமர்ந்திருப்பவர்தான் எல்லா. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 6 அங்கே ஜூபிலி நாள். அன்று மாணவப் பாடகர்கள், அந்த முதல் குழுவினரின் கல்லறைகளுக்குப் போய் அதே பழைய பாட்டுகளைப் பாடுகிறார்கள்.