மைக்கேல் செர்வீட்டஸ்: ஒரு சொல்லுக்காக உயிரைக் கொடுத்தவர்

கிறித்தவ அண்டை வீட்டாருடன் பேசிக் கொண்டிருக்கையில் பேச்சு மார்க்க விஷயத்தின் பக்கம் திரும்புமாயின், நம்மவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இரண்டு. இறைவன் ஒருவன் என்று சொல்லிக் கொண்டே பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூவரை வணங்குவது எவ்வாறு என்பது ஒன்று. ஆதம் (அலை) அவர்கள் செய்த பிழை, பால்குடி மறவாத பச்சிளங் குழந்தையின் மீதும் பாவமாக வந்து சேருவது எவ்வாறு என்பது மற்றொன்று. முதலாவது திரித்துவத்தைப் பற்றியது. இரண்டாவது ஈடேற்றத்தைப் பற்றியது.

இக்கேள்விகளை முஸ்லிம்கள் மட்டுமே கேட்டு வந்தனர் என்று நம்மில் பலர் எண்ணிக் கொண்டிருக்கின்றனர். உண்மை அவ்வாறன்று. கிறித்தவ ஐரோப்பாவின் நடுவிலே பிறந்து, பைபிளையே ஆதாரமாகக் கொண்டு இவ்விரு கேள்விகளையும் எழுப்பி, அதற்காக உயிருடன் எரிக்கப்பட்டவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் மைக்கேல் செர்வீட்டஸ். மருத்துவ நூல்களைப் படித்தவர்கள் அவரை இரத்த ஓட்டத்தைப் பற்றி எழுதிய அறிஞராக அறிவார்கள். அவருடைய வாழ்விலே நமக்கும் ஒரு படிப்பினை இருக்கின்றது.

பிறந்த நாடும் காலமும்

செர்வீட்டஸ் 1511-ஆம் ஆண்டில், ஸ்பெயின் நாட்டு அரகான் பகுதியிலுள்ள வில்லநுவேவா டி சிகேனா என்ற சிற்றூரில் பிறந்ததாகக் கூறுவர். அவருடைய தந்தையார் பத்திரப் பதிவுத் தொழில் செய்தவர். அவர் பிறப்பதற்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்னர்தான், 1492-இல், கிரனடா வீழ்ந்து ஸ்பெயினில் முஸ்லிம் ஆட்சி முடிவுற்றது. அதே ஆண்டில் யூதர்கள் நாடு கடத்தப்பட்டனர். அரகானில் எஞ்சியிருந்த முஸ்லிம்கள் 1526-க்குள் ஞானஸ்நானம் பெற வேண்டும் அல்லது வெளியேற வேண்டும் என்று ஆணையிடப்பட்டது. அப்போது செர்வீட்டஸ் பதினைந்து வயதுச் சிறுவர்.

இது அவருடைய உள்ளத்தைத் தொடாமல் இருந்திருக்க முடியாது. யூதர்களும் முஸ்லிம்களும் கிறித்தவத்தை ஏற்கத் தயங்குவதற்கு முதற்காரணம் திரித்துவக் கொள்கையே என்றும், அக்கொள்கை அவர்களுக்கு நகைப்பிற்கிடமாக இருக்கின்றது என்றும் பிற்காலத்தில் அவர் தம் நூலிலேயே எழுதினார். வாளைக் காட்டி மதம் மாற்றிய நாட்டில் பிறந்த ஒருவர், பிழை நம்மிடமே இருக்கலாமோ என்று எண்ணத் தொடங்கியது சாதாரண விஷயமன்று.

பைபிளைத் திறந்தார்

சட்டம் படிப்பதற்காக அவர் பிரான்ஸ் நாட்டின் தூலூஸ் நகருக்கு அனுப்பப்பட்டார். அங்கேதான் பைபிளை முழுமையாகப் படித்தார். கிரேக்க, எபிரேய மூல பாஷைகளையும் கற்றார். ஒரே தத்துவத்தில் மூன்று ஆட்கள் என்று குருமார்கள் கற்பித்த வாசகத்தை அதிலே தேடினார், காணவில்லை. திரித்துவம் என்ற சொல்லே அதில் இல்லை. கி.பி. 325-இல் நைசியாவிலும் 381-இல் கான்ஸ்டாண்டிநோபிளிலும் கூடிய சபைகளில் வகுக்கப்பட்ட முடிவுகளும், பின்னர் வந்த தர்க்கவாதிகளின் விளக்கங்களுமே இக்கொள்கைக்கு அடிப்படை என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

1530-இல் சக்கரவர்த்தி ஐந்தாம் சார்லஸின் முடிசூட்டு விழா இத்தாலியின் பொலோனா நகரில் நடைபெற்றது. சக்கரவர்த்தியின் குருவாக விளங்கிய கிண்டானா என்பவரின் உதவியாளராகச் செர்வீட்டஸும் அங்கே சென்றிருந்தார். போப்பாண்டவரைப் பிரபுக்கள் தோளில் சுமந்து செல்வதையும், வழிநெடுக மக்கள் மண்டியிட்டு வணங்குவதையும் கண்டு அவர் மனம் வெதும்பியது.

மறு ஆண்டே, 1531-இல், திரித்துவத்தின் பிழைகள் என்ற பொருள் கொண்ட தலைப்பில் லத்தீன் நூலொன்றை அச்சிட்டு வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது இருபது! கத்தோலிக்கர்களும் கொதித்தனர், புரோட்டஸ்டண்டுகளும் கொதித்தனர். ஒருவரையொருவர் பகைத்துக் கொண்டிருந்த இரு பிரிவினரும் இவரைக் கண்டிப்பதில் மட்டும் ஒன்றுபட்டனர். ஸ்பெயினின் சமய விசாரணை மன்றத்தார், குருவாக இருந்த அவருடைய சொந்தச் சகோதரரையே அனுப்பி, அவரை நயமாகப் பேசித் தாய்நாட்டிற்கு அழைத்து வரும்படி ஏவினர். செர்வீட்டஸ் அவ்வலையில் சிக்கவில்லை. பெயரை மாற்றிக் கொண்டு பிரான்ஸில் மறைந்தார்.

மருத்துவர்

மிஷேல் டி வில்நேவ் என்ற புதுப் பெயருடன் லியோன் நகர அச்சகத்தில் வேலை பார்த்தார். தாலமியின் பூகோள நூலைத் திருத்தி 1535-இல் பதிப்பித்தார். பிறகு பாரிஸில் மருத்துவம் கற்றார். வியன் என்ற பிரெஞ்சு நகரில் பேராயருக்கே மருத்துவராகிச் சுமார் பன்னிரண்டு ஆண்டுகள் மதிப்புடன் வாழ்ந்தார். ஊரார் கண்ணுக்கு அவர் ஒழுங்காகக் கோயிலுக்குச் செல்லும் கத்தோலிக்கர். இரவில் விளக்கை ஏற்றி வைத்துக் கொண்டு அவர் எழுதி வந்ததோ வேறு.

அந்த நூலிலேதான், இதயத்தின் வலப்புறத்திலிருந்து இரத்தம் நுரையீரலுக்குச் சென்று, காற்றுடன் கலந்து சுத்தமாகி இடப்புறத்திற்குத் திரும்புகின்றது என்பதை விளக்கினார். ஐரோப்பாவில் இதை அச்சில் முதன்முதலாகக் கூறியவர் அவரே. ஆயினும் அவருக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, கெய்ரோவில் வாழ்ந்து 1288-இல் மறைந்த இப்னுன் நஃபீஸ் (ரஹ்) அவர்கள், இப்னு ஸீனாவின் நூலுக்கு எழுதிய விளக்கவுரையில் இதே உண்மையை எழுதி வைத்தார்கள். 1924-இல்தான் அக்கையெழுத்துப் பிரதி மீண்டும் வெளிச்சத்திற்கு வந்தது.

கால்வினுடன் வாதம்

அக்காலத்தில் ஜெனீவா நகரில் புரோட்டஸ்டண்டுகளின் பெருந்தலைவராக விளங்கியவர் ஜான் கால்வின். செர்வீட்டஸ் அவருக்குக் கடிதங்கள் எழுதித் தம் கேள்விகளை முன்வைத்தார். கால்வின் தம் நூலைப் படித்துப் பார்க்கும்படி அனுப்பினார். செர்வீட்டஸ் அதன் ஓரங்களிலெல்லாம் மறுப்புகளை எழுதித் திருப்பியனுப்பினார். சினமுற்ற கால்வின், இவர் ஜெனீவாவுக்கு வந்தால் உயிருடன் திரும்பவிட மாட்டேன் என்ற கருத்தில் 1546-இல் தம் நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார்.

திரித்துவம் மட்டுமே இவர்களுக்குள் பிணக்கன்று. ஆதமின் பாவம் மனித குலம் முழுவதையும் பற்றிக் கொண்டது, மனிதன் பிறக்கும்போதே குற்றவாளி, யாருக்கு ஈடேற்றம் யாருக்கு நரகம் என்பதை இறைவன் முன்னரே முடிவு செய்துவிட்டான் என்பது கால்வினின் போதனை. செர்வீட்டஸ் இதை மறுத்தார். நன்மை தீமையைப் பகுத்தறியும் வயது வராத சிறுவர்கள்மீது மரண பாவம் சாராது என்றார். ஆகவே கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில் பொருளில்லை. வளர்ந்த மனிதன் தானே உணர்ந்து, மனந்திரும்பி அதைப் பெறவேண்டும் என்று வாதித்தார்.

1553-ஆம் ஆண்டு ஜனவரியில், கிறித்தவத்தைப் பழைய நிலைக்கு மீட்பது என்ற பொருள்படும் அவருடைய பெருநூல் வியன் நகரில் இரகசியமாக ஆயிரம் பிரதிகள் அச்சிடப்பட்டது. அவற்றில் இன்று உலகில் இருப்பவை மூன்றே பிரதிகள். மற்றவை நெருப்புக்கு இரையாயின.

இரண்டு முறை எரிப்பு

ஜெனீவாவிலிருந்து ஒருவர் எழுதிய கடிதம் செர்வீட்டஸ் யார் என்பதைப் பிரான்ஸின் கத்தோலிக்க விசாரணையாளர்களுக்குக் காட்டிக் கொடுத்தது. செர்வீட்டஸ் நம்பிக்கையுடன் கால்வினுக்கு எழுதிய கடிதங்களே அத்தாட்சியாக அனுப்பப்பட்டன. ஏப்ரல் மாதம் அவர் கைது செய்யப்பட்டார். மூன்று நாட்களில் சிறையிலிருந்து தப்பினார். ஆளைப் பிடிக்க முடியாமற் போகவே, ஜூன் 17-இல் அவருடைய உருவப் பொம்மையையும் நூல்களையும் தீயிலிட்டனர்.

தப்பியவர் ஏன் ஜெனீவாவுக்கே சென்றார் என்பதற்குப் பலர் பல காரணங்கள் கூறுவர். ஆகஸ்டு 13, ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் அவர் அடையாளம் காணப்பட்டுச் சிறையிடப்பட்டார். உடுத்திய உடை கிழிந்து, பேன்கள் மொய்க்க, நோயும் குளிரும் வாட்ட, இரண்டு மாதங்களுக்கு மேல் அவர் அங்கே கிடந்தார். விசாரணையின்போது அவர்மீது கூறப்பட்டவற்றுள் ஒன்று, அவர் திருக்குர்ஆனைப் படித்து அதிலிருந்து மேற்கோள் காட்டினார் என்பது! யூதருக்கும் துருக்கருக்கும் துணை போகின்றார் என்றும் குற்றஞ் சாட்டினர்.

1553 அக்டோபர் 27-இல் தீர்ப்பு வாசிக்கப்பட்டது. திரித்துவத்தை மறுத்தது ஒன்று, குழந்தை ஞானஸ்நானத்தை மறுத்தது ஒன்று. இவ்விரண்டுமே அவர் செய்த குற்றங்கள். எரிப்பதற்குப் பதில் வாளால் வெட்டலாம் என்று கால்வின் கேட்டுக் கொண்டதை மன்றத்தார் ஏற்கவில்லை. ஊருக்கு வெளியே ஷாம்பெல் மேட்டில், அவரைக் கம்பத்துடன் பிணைத்து, அவர் நூலையும் உடன் கட்டித் தீ மூட்டினர்.

கடைசி வரை அவருடன் நடந்து வந்த பாதிரியார் பாரல், ஒரு சொல்லை மாற்றச் சொல்லி அவரை வற்புறுத்தினார். ஏசுவை, நித்தியமான இறைவனின் குமாரர் என்றே செர்வீட்டஸ் விளித்தார். இறைவனின் நித்தியமான குமாரர் என்று சொல்லும்படி மற்றவர்கள் வேண்டினர். நித்தியம் என்ற சொல்லின் இடத்தை மாற்றினால் போதும். ஆனால் அந்த இட மாற்றத்தில்தான் முழு வழக்கும் அடங்கியிருந்தது. ஆதியும் அந்தமும் இல்லாதவன் இறைவன் ஒருவனே. மர்யமின் மைந்தர் காலத்தில் பிறந்தவர் என்பதே அவருடைய உறுதி. நெருப்பின் நடுவிலும் அவர் சொல்லை மாற்றவில்லை.

அதன் பிறகு

மறு ஆண்டே, 1554-இல், செபாஸ்டியன் காஸ்டெல்லியோ என்ற கிறித்தவ அறிஞர், கொள்கை வேறுபட்டவரைக் கொல்வது சரியன்று என்று நூல் வெளியிட்டார். 1568-இல் துருக்கி சுல்தானின் மேலாதிக்கத்தின் கீழிருந்த திரான்சில்வேனியா நாட்டில், தோர்டா நகரில் கூடிய மன்றம், போதகர்கள் தத்தம் விளக்கப்படி போதிக்கலாம் என்று அனுமதி தந்தது. அங்கே திரித்துவத்தை மறுக்கும் யூனிட்டேரியன் சபை வேரூன்றியது. 1903-இல் கால்வினைப் பின்பற்றுவோரே ஷாம்பெலில் ஒரு கல்லை நாட்டி, தம் முன்னோர் செய்த தவறுக்கு வருத்தம் தெரிவித்தனர். இது அவர்களுடைய நேர்மையைக் காட்டுகின்றது.

நமக்குள்ள படிப்பினை

இவரை முஸ்லிம் என்று கூறிக் கொள்ள நமக்கு உரிமையில்லை. திருக்குர்ஆனை அவர் இறைவேதமாக ஏற்றவரல்லர். ஹஜ்ரத் ஈஸா (அலை) அவர்களைத் தேவ குமாரர் என்றே இறுதிவரை நம்பினார். நாம் அதை ஏற்பதில்லை. மாற்றார் கொள்கையை உள்ளது உள்ளபடி கூறுவதும் அமானிதமே.

எனினும் இரண்டு விஷயங்களை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். குழந்தை மாசற்றது என்பதை அவர் எத்தனை தொல்லைப்பட்டுத் தேடிக் கண்டார்! நம் வீட்டில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் பித்ரத் என்னும் இயற்கைத் தூய்மையில் பிறக்கின்றது என்றும், ஆதம் (அலை) தவ்பாச் செய்து மன்னிக்கப்பட்டார்கள் என்றும், ஒருவர் சுமையை மற்றவர் சுமப்பதில்லை என்றும் நாம் மதரஸாவிலேயே படித்து விடுகின்றோம். எளிதில் கிடைத்த பொருளின் அருமை தெரிவதில்லை. தனக்காக மற்றொருவர் ஈடு கொடுக்க மாட்டார் என்று நம்பும் நாம், நம் அமல்களில் எத்துணை கவனமாக இருக்க வேண்டும்!

இரண்டாவது, இக்கதையைப் படித்து மற்றவரை இகழ்ந்து நாம் மகிழக்கூடாது. குர்ஆன் படைக்கப்பட்டதா என்ற ஒரு கேள்விக்காக, கலீஃபா முஃதஸிமின் காலத்தில் இமாம் அஹ்மது இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்களின் முதுகில் சாட்டையடி விழுந்ததை நாம் மறந்துவிடலாகாது. அடித்தவர்களும் தம்மை முஸ்லிம்கள் என்றே கூறிக் கொண்டனர். மார்க்கத்தில் பலவந்தம் இல்லை என்பது திருக்குர்ஆன் கற்பிக்கும் பாடம். அதை மறந்தவர் எந்தச் சமயத்தவராயினும் குற்றவாளியே.

கிறித்தவ நண்பரிடம் கேள்வி கேட்கும்போது அன்புடன் கேளுங்கள். அவர் நம்மிடம் கேட்கும்போது பொறுமையுடன் பதில் கூறுங்கள். வீட்டிலே பிள்ளைகள் மார்க்கத்தைப் பற்றி ஏதேனும் கேட்டால், வாயை மூடு என்று அதட்டாதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததை ஆலிம்களிடம் கேட்டுச் சொல்லுங்கள். இருபது வயது இளைஞர் ஒருவரின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நெருப்பை மூட்டினார்கள். நானூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அக்கேள்வி எரியாமல் அப்படியே இருக்கின்றது.

வல்ல அல்லாஹ் நமக்கும், உண்மையைத் தேடும் அனைவருக்கும் நேர்வழியை எளிதாக்கித் தருவானாக! ஆமீன்.