காயிதே மில்லத் சுமந்த பாரம்

தலைவர் என்றதும் மேடையையும் மாலையையும் நினைப்பது எங்கள் கண்டனூர்ப் பக்கத்திலும் வழக்கமாகிவிட்டது. காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் (ரஹ்) அவர்களின் தலைமையோ, திருநெல்வேலிப் பேட்டையில் தம் வயதுப் பிள்ளைகளிடையே தொடங்கிற்று. 1896-இல் பிறந்த அவர்கள், 1909-இலேயே அங்கு இளைஞர் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். 1918-இல் ஆலிம்கள் ஒன்றுகூடி மஜ்லிஸுல் உலமா காண்பதற்குத் துணைநின்றார்கள். 1920-இல் ஒத்துழையாமை இயக்கத்திற்காகக் கல்லூரிப் படிப்பையே துறந்தார்கள். அக்காலத்தில் பட்டம் சிறு பொருளன்று!

பெருஞ்சோதனை 1948-இல் வந்தது. பிரிவினைக்குப் பின் முஸ்லிம் லீகின் முன்னணித் தலைவர்கள் பலர் பாகிஸ்தான் சென்றுவிட்டனர். எஞ்சியோரில் சிலர், கட்சியைக் கலைத்துவிடலாம் என்றனர். எங்கும் அச்சம். அந்நிலையில், மார்ச் 10 அன்று சென்னையில் கூடியோர் தலைமைப் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்தனர். அதைப் பதவி என்பதைவிடப் பாரம் என்பதே பொருந்தும். இறுதிவரை அதை அவர்கள் இறக்கிவைக்கவில்லை.

அரசியல் நிர்ணய சபையில் தமிழை ஆட்சிமொழியாக்கக் கோரியவரும் அவர்களே. அத்தமிழரை, மலையாளம் பேசும் மஞ்சேரி மக்கள் 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் தம்மவராகவே கருதி மக்களவைக்கு அனுப்பினர். 1972 ஏப்ரல் 5-இல் வஃபாத்தான அவர்கள், சென்னை திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் அடங்கியிருக்கிறார்கள்.