லவ்லேஸ் அம்மையார்

கடந்த ஆண்டு எங்கள் விடுதியின் உணவுக் கணக்கைக் கணினியில் விரிதாளாக எழுதும் பொறுப்பு என்பால் வந்தது. மாணவர் பெயரும் தொகையும் அறை எண் வரிசையில் எழுதப்பட்டிருந்த பட்டியலினின்று, வேண்டிய பெயருக்குரிய தொகையை எடுத்துத் தருமாறு வி-லுக்அப் என்னும் சூத்திரத்தை ஏவினேன். பத்து நாள் ஊரில் இருந்து வந்த மாணவன் ஒருவனுக்கு முழுத் திங்களுக்குரிய தொகை வந்து நின்றது. அவன் தந்தையார் நாட்கூலி பெறுபவர். இரண்டிரவு கூட்டியும் கழித்தும் பார்த்தேன், பிழை புலப்படவில்லை. இறுதியில் எஃப் 1 விசையை அழுத்த, அம்மென்பொருளிலேயே உறையும் உதவிப் பக்கம் திறந்தது. சூத்திரத்தின் நான்காம் உறுப்பை எழுதாது விட்டால் பொறி அதே பெயரைத் தேடாது அதற்கு அணித்தானதைக் கொள்ளும் என்றும், அங்ஙனம் கொள்ளுதற்குப் பட்டியல் அகரவரிசையில் இருத்தல் வேண்டும் என்றும் அங்கே எழுதப்பட்டிருந்தது. சிறிது நேரத்திற் கணக்கு நேர்ப்பட்டது.

அவ்வுதவியை எழுதி வைத்தவர் யாவரென அறியேன். ஆயின் கணக்கிடும் பொறி ஒன்று உருப்பெறுமுன்னரே அதனை ஆளும் முறையை விரித்தெழுதிய ஒரு பெண்மணியை அறிவேன். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி வரைகின்றேன்.

அகஸ்தா ஏடா என்பது அவர்க்குப் பெற்றோர் இட்ட பெயர். ஏடா என்பது நம் மொழியில் ஆண்மகனை விளிக்கும் சொல்லாதலின், கணவர் வழியாக வந்த பெயரைக் கொண்டு லவ்லேஸ் அம்மையார் என்றே வழங்குவேன். அவர் 1815-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் லண்டனிற் பிறந்தார். தந்தையார் ஆங்கிலக் கவிஞருட் புகழ்வாய்ந்த பைரன் பிரபு. குழந்தை பிறந்த ஒரு திங்களளவில் தாயும் தந்தையும் பிரிந்தனர். பைரன் 1816-இல் நாட்டை விட்டகன்று, 1824-இல் கிரேக்க நாட்டில் உயிர் துறந்தார். மகள் அவரைக் கண்டறியார். கவிஞரின் அலைபாயும் மனம் மகளையும் பற்றிவிடுமோ என அஞ்சிய அன்னையார், அவருக்கு இளமை தொட்டே கணிதம் கற்பித்தார். அச்சத்தின் பொருட்டுக் கணிதம் கற்பிக்கப்பட்டவர் உலகில் மிகச் சிலரே இருப்பர் போலும். பன்னிரண்டாம் வயதிற் பறக்கும் பொறி ஒன்றிற்கு அவர் திட்டம் வகுத்தார். 1829-இல் அம்மை நோய் அவர் கால்களை முடக்க, நெடுநாள் ஊன்றுகோலொடு நடந்தார்.

1833-ஆம் ஆண்டு, பதினேழாம் வயதில், சார்லஸ் பாபேஜ் என்னும் கணிதப் பேராசிரியரைக் கண்டார். அவர் தம் இல்லத்தில் வேறுபாட்டுப் பொறியின் ஒரு பகுதியை வைத்திருந்தார். பித்தளைச் சக்கரங்கள் சுழன்று எண்களைக் கூட்டி அட்டவணை செய்யும் கருவி அது. பார்க்க வந்தோர் பலர். அதன் உள்ளியல்பை வினவி அறிய விழைந்தோருள் இவர் ஒருவர். 1835-இல் மணம் புரிந்து, மக்கள் மூவரைப் பெற்று, 1838-இற் சீமாட்டிப் பட்டமும் எய்திய பின்னரும் கணிதத்தை அவர் கைவிட்டிலர். அஞ்சல் வழியே உயர்கணிதம் கற்பித்த ஆசிரியர் அகஸ்டஸ் டி மார்கன். அவர் 1806-இல் நம் மதுரை மாநகரிற் பிறந்தவர் என்பதனை நம் கல்லூரி மாணவர் அறிந்து மகிழ்வாராக.

நிற்க. பாபேஜ் 1834 முதல் பகுப்பாய்வுப் பொறி என்னும் வேறொன்றைக் கருதலானார். எண்களை வைத்திருக்கும் பண்டகசாலை ஒரு பால். அவற்றைக் கூட்டிப் பெருக்கும் ஆலை ஒரு பால். நெசவுத் தறிக்கு ஜக்கார்ட் அமைத்தது போலத் துளையிட்ட அட்டைகள் ஏவல் செய்யும். ஏவலை மாற்றினால் கணக்கும் மாறும். இத்துணை அரிய பொருளை அதன் ஆசிரியர் உலகிற்கு விளங்க எழுதினாரல்லர். வரைபடங்கள் குவிந்தன, விளக்கமோ இல்லை. முந்திய பொறிக்கு அரசினர் பதினேழாயிரம் பவுன் செலவிட்டும் அது முற்றுப்பெறாமையால், 1842-இல் அதனைக் கைவிட்டனர். அவ்வாண்டிலேயே, பாபேஜ் டூரின் நகரில் ஆற்றிய விரிவுரையைக் கேட்டிருந்த மெனப்ரேயா என்னும் இத்தாலியப் பொறியாளர், பிரெஞ்சு மொழியிற் புதிய பொறியைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். லவ்லேஸ் அம்மையார் அதனை ஆங்கிலப்படுத்தினார். குறிப்புகளும் சேர்க்குமாறு பாபேஜ் தூண்ட, ஏழு குறிப்புகள் எழுதினார். அவை மூலத்தினும் ஏறத்தாழ மும்மடங்கு நீண்டன. 1843-இல், பெயரின் முதலெழுத்துகள் மட்டும் இட்டு வெளிவந்தன.

இக்குறிப்புகளின் சிறப்பு யாதெனில், பொறியைப் புகழ்தலோடு அமையாது, அதனை ஏவுவோன் அருகில் நின்று கற்பித்தலாம். பொறியால் இயல்வது இது, இயலாதது இது என வரையறுக்கின்றார். தானே எதனையும் புதிதாய்த் தோற்றுவிக்க வல்லதன்று, நாம் ஏவ அறிந்ததனையே அது செய்யும் என எச்சரிக்கின்றார். விரிதாளின் முன் அமர்ந்து பொறி பிழை செய்ததென்று சினந்த எனக்கு இவ்விடம் சுருக்கெனத் தைத்தது.

ஏழாங்குறிப்பின்கண் பெர்னூலி எண்களைக் கணக்கிடும் பேரட்டவணை ஒன்று உளது. இருபத்தைந்து செயல்கள் வரிசையாக இறங்குகின்றன. எச்செயல், எவ்வெண்களின் மேல், விடை எவ்விடத்துச் சேரும், எதன் மதிப்பு மாறும் என்பன பத்தி பத்தியாகக் குறிக்கப்பட்டுள்ளன. அவற்றுடன், அவ்வரியின் விடைக்குக் கணிதத்திற் பொருள் யாது என்று உரைக்கும் பத்தியும் உளது. அஃதாவது, ஏவலும் அதன் உரையும் ஒரே வரியிற் கிடக்கின்றன. உரையைத் தேடி வேறோர் ஏட்டிற்குச் செல்ல வேண்டுவதில்லை. நன்னூலைச் சூத்திரத்தின் கீழேயே உரை அச்சிட்ட பதிப்பிற் கற்றோர் இதன் அருமையை நன்கு உணர்வர்.

இக்குறிப்புகளில் அம்மையாரின் பங்கு எவ்வளவு, பாபேஜின் பங்கு எவ்வளவு என்பது பற்றி அறிஞரிடையே வழக்குண்டு. பெர்னூலி எண்களுக்குரிய கணித வழியைத் தாமே செய்து கொடுத்ததாகவும், அதிற் பெரும் பிழை ஒன்றை அம்மையார் கண்டு திருப்பி அனுப்பியதாகவும் பாபேஜே 1864-ஆம் ஆண்டுத் தன் வரலாற்றில் ஒப்புகின்றார். ஆசிரியரின் பிழையை மாணவர் கண்டது என்னளவிற் போதிய சான்று.

அதே நூலில் பாபேஜ் கூறும் மற்றொன்றும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. கணக்கின் இடையே ஒரு மடக்கை எண் வேண்டப்படின் பொறி மணி அடித்து நிற்கும். வேண்டிய எண்ணையும் காட்டும். ஏவலாளன் தவறான அட்டையைச் செருகினால் முன்னினும் உரத்த மணி ஒலிக்கும். உதவி பொறிக்குள்ளேயே உறைய வேண்டும் என்பது அவர் கருத்திலும் இருந்தது போலும்.

அச்சேறும் வேளையில் இருவர்க்கும் பூசல் விளைந்தது. அரசினரைக் குறைகூறும் முன்னுரை ஒன்றைப் பெயரின்றிச் சேர்க்கப் பாபேஜ் விரும்ப, அம்மையார் மறுத்துவிட்டார். நட்பு அழியவில்லை. பொறியோ கட்டப்படவேயில்லை. பிற்காலத்திற் குதிரைப் பந்தயத்தில் அவர் பொருளிழந்தது வருந்தத்தக்கதே. அதனை மறைப்பது வரலாறாகாது. கருப்பைப் புற்றுநோயால் நெடிது வருந்தி, 1852-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் நாள், தந்தையார் இறந்த அதே முப்பத்தாறாம் வயதில் மறைந்தார். கண்டறியாத அத்தந்தையின் அருகே, ஹக்னால் ஊர்த் தேவாலயத்தில், தம் விருப்பப்படியே அடக்கம் செய்யப்பெற்றார்.

ஒரு நூற்றாண்டின் பின், மின்கணிப் பொறிகள் தோன்றிய காலத்து, 1953-இல் அக்குறிப்புகள் மறுபடியும் அச்சேறின. அச்சிட்ட பேரட்டவணையின் நான்காம் வரியில் வகுக்கும் எண்ணும் வகுபடும் எண்ணும் இடம் மாறிக் கிடக்கின்றன. பிழை செய்தவர் அம்மையாரோ அச்சுக்கோத்தவரோ, யாராயினும் ஆகுக. அதே வரியின் விளக்கப் பத்தியில் விடை செவ்வையாக எழுதப்பட்டிருத்தலின், இரண்டையும் சேர்த்துப் படிப்பவர் பிழையைத் தாமே கண்டுகொள்கின்றனர்.